ஊரைத் தேடிப் போன ஜான் ஸ்டீன்பெக்

1960-ம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கம். நியூயார்க் நகருக்குள் செல்லும் ஹாலந்து சுரங்கப் பாதையின் வாசல். ஹட்ஸன் ஆற்றுக்கு அடியில் செல்லும் பாதை அது. அங்கே பச்சை நிறத்தில் ஒரு சிறிய லாரி வந்து நின்றது. லாரியின் முதுகில் ஒரு குட்டி வீடு. ஓட்டி வந்தவருக்கு வயது 58. தாடி வைத்திருந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு கிழ நாய் உட்கார்ந்திருந்தது.

போலீஸ்காரர் வண்டியை மறித்தார். லாரியின் வீட்டுப் பகுதியில் சமையல் அடுப்புக்கு பியூட்டேன் வாயு சிலிண்டர் இருந்தது. அதைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோக அனுமதி கிடையாது. பெரியவர் கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை. கடைசியில் ஹோபோக்கன் துறைக்கு வண்டியைத் திருப்பி, ரயில்வே கம்பெனி நடத்தி வந்த படகில் லாரியை ஏற்றி ஆற்றைக் கடந்தார்.

அக்கரையில் அடுத்த சோதனை. அலுவலகம் விடும் நேரம். தெருவெல்லாம் கார்கள். தான் வருடக்கணக்கில் குடியிருந்த நகரத்திலேயே அவருக்கு வழி தப்பிவிட்டது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்காக விசாரிக்க வந்த போலீஸ்காரர், ஆள் குடித்திருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டார். தேசம் முழுவதும் சுற்றிவிட்டு வந்தவன் சொந்த ஊரில் வழி தெரியாமல் நிற்கிறேன் என்று பெரியவர் விளக்கிய பிறகுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது.

அந்தப் பெரியவர்தான் ஜான் ஸ்டீன்பெக். அமெரிக்காவின் புகழ் பெற்ற நாவலாசிரியர். இரண்டு ஆண்டுகள் கழித்து இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் போகும் தொழிலாளர்களின் கதையை உலகமே படிக்கும்படி எழுதியவர்.

சிமெண்ட் சுமந்த வாலிபர்

ஸ்டீன்பெக் 1902-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந்தேதி கலிபோர்னியா மாநிலத்தில் சாலினாஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை மாவட்டப் பொக்கிஷ அதிகாரி. தாய் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வசதிக்குக் குறைவில்லை என்றாலும், விடுமுறைகளில் வயல்களிலும் பண்ணைகளிலும் கூலி வேலை செய்தார் மகன். நாடோடித் தொழிலாளிகளின் பேச்சும் பசியும் அவருக்கு அங்கேதான் அறிமுகமாயின.

1919-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விட்டு விட்டுப் படித்து, 1925-ல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். சரக்குக் கப்பலில் நியூயார்க் போனார். அங்கே மாடிசன் சதுக்க அரங்கக் கட்டட வேலையில் சிமெண்ட் சுமந்தார். ஒரு பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். அந்த வேலையும் நிலைக்கவில்லை. ஊருக்கே திரும்பினார்.

1929-ல் முதல் நாவல் வெளிவந்தது. யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு கரோல் என்ற பெண்ணை மணந்தார். மாண்டரே கடற்கரையில் சோதனைச்சாலை நடத்திய எட் ரிக்கெட்ஸ் என்ற கடல் உயிரின ஆராய்ச்சியாளர் நண்பரானார். ஸ்டீன்பெக்கின் எழுத்திலும் சிந்தனையிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1935-ல் வந்த 'டார்டில்லா பிளாட்' நாவல்தான் ஸ்டீன்பெக்குக்குப் பெயரும் பணமும் தந்தது.

முதல் வண்டி

1930-களில் அமெரிக்காவின் நடுப் பகுதியில் கடும் வறட்சி. காற்று மேல் மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. விளைச்சல் இல்லை. வங்கிக் கடன் கழுத்தை நெரித்தது. நிலங்களில் டிராக்டர் புகுந்து குத்தகைதாரர்களை விரட்டியது. ஓக்லஹோமா முதலிய மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் பழைய கார்களிலும் லாரிகளிலும் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு 66-ம் எண் நெடுஞ்சாலை வழியாக கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டனர்.

அங்கே பழத்தோட்டங்களில் வேலை இருந்தது. ஆனால் ஒரு வேலைக்குப் பலர் போட்டி. கூலி அடிமட்டத்துக்கு இறங்கியது. வந்தவர்களை உள்ளூர்க்காரர்கள் 'ஓக்கி' என்று இழிவாக அழைத்தார்கள். வாய்க்கால் கரைகளில் சாக்கும் தகரமும் கட்டிக் குடியிருந்தார்கள். குழந்தைகள் பட்டினியாலும் நோயாலும் இறந்தன.

1936-ல் சான்பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று இதைப் பற்றி எழுதும்படி ஸ்டீன்பெக்கைக் கேட்டுக்கொண்டது. அவர் ஒரு பழைய ரொட்டிக் கடை வண்டியை வாங்கினார். உள்ளே படுக்கையும் சமையல் சாமான்களும் வைத்தார். அந்த வண்டியிலேயே தங்கித் தொழிலாளர் முகாம்களைச் சுற்றினார்.

அங்கே கண்டவை அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தன. 1938-ல் சுமார் ஐந்தே மாதங்களில், கையால் எழுதி ஒரு பெரிய நாவலை முடித்தார். கோபத்தின் திராட்சைகள் என்று பொருள்படும் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' 1939-ல் வெளியாயிற்று. நிலம் இழந்த ஜோட் குடும்பம் ஒரு லாரியில் கலிபோர்னியா போகும் கதை. ஓராண்டில் நாலு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1940-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜான் போர்டு அதைத் திரைப்படமாக எடுத்தார்.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. பண்ணை முதலாளிகள் கொதித்தெழுந்தார்கள். கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் பள்ளிகளிலும் நூலகங்களிலும் நாவலுக்குத் தடை விதித்தார்கள். நூலைத் தீயிட்டுக் கொளுத்தவும் செய்தார்கள். பிறந்த மண்ணில் பலர் அவரைத் துரோகியாகப் பார்த்தனர். மெல்ல மெல்ல அவர் கலிபோர்னியாவை விட்டு விலகி நியூயார்க் பக்கம் போய்விட்டார்.

1948-ம் ஆண்டு அவருக்குச் சோதனையான ஆண்டு. மாண்டரே ரயில்வே கிராசிங்கில் எட் ரிக்கெட்ஸ் ஓட்டிச் சென்ற கார் மீது எக்ஸ்பிரஸ் ரயில் மோதியது. சில நாட்களில் அவர் இறந்தார். அதே ஆண்டில் ஸ்டீன்பெக்கின் இரண்டாவது திருமணமும் விவாகரத்தில் முடிந்தது. இரண்டு மகன்கள் தாயோடு போனார்கள். 1950-ல் எலைன் என்ற டெக்ஸாஸ் பெண்மணியை மணந்த பிறகே வாழ்க்கை அமைதியாயிற்று.

ரோசினான்ட்டே

1959-ம் ஆண்டு டிசம்பரில் ஸ்டீன்பெக்குக்கு லேசான பக்கவாதத் தாக்குதல் ஏற்பட்டது. இனி ஓய்வாக இருக்க வேண்டும் என்று சுற்றியிருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. நோயாளியாகப் பல ஆண்டு நாற்காலியில் கிடக்க அவர் தயாராக இல்லை.

இன்னொரு கவலையும் இருந்தது. அமெரிக்க மக்களைப் பற்றியே எழுதிப் பிழைத்தவர் அவர். அந்த மக்களை நேரில் பார்த்துப் பழகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நாடு எப்படி இருக்கிறது என்பது தனக்கே தெரியாமல் போய்விட்டது என்று எண்ணினார்.

ஒரு மோட்டார் கம்பெனியிடம் தனியாகச் சொல்லி லாரி வாங்கினார். அதன் பின்புறம் படகின் அறையைப் போல ஒரு குட்டி வீடு பொருத்தப்பட்டது. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, விளக்கு, அலமாரி, கழிவறை எல்லாம் அதில் இருந்தன. கிழக்குதிரையில் ஏறி உலகைத் திருத்தப் புறப்பட்ட டான் குவிக்ஸாட்டின் கதை உண்டல்லவா? அந்தக் குதிரையின் பெயரான ரோசினான்ட்டே என்பதையே தன் லாரிக்கும் சூட்டி, பக்கவாட்டில் எழுதி வைத்தார்.

துணி துவைக்க அவர் ஒரு யுக்தி செய்தார். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியை ரப்பர் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அதில் அழுக்குத் துணி, தண்ணீர், சோப்புத்தூள் போட்டு மூடிவிடுவார். வண்டி ஓடும்போது ஏற்படும் குலுக்கலிலேயே துணி துவைந்துவிடும்!

1960-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந்தேதி லாங் ஐலண்டில் உள்ள தன் வீட்டிலிருந்து புறப்பட்டார். துணைக்கு சார்லி என்ற பூடில் நாய். பிரான்சில் பிறந்தது. வயது பத்து.

வடக்கே மெய்ன் மாநிலம் போனார். அங்கே உருளைக்கிழங்கு அறுவடைக்காகக் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த பிரெஞ்சு மொழி பேசும் கூலிக்காரர்களுடன் பழகினார். நயாகராவில் கனடா எல்லையைத் தாண்டப் பார்த்தார். நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசி போட்ட சான்றிதழ் இல்லை. திரும்ப வேண்டியதாயிற்று. சிகாகோ, விஸ்கான்சின், மினசோட்டா வழியாக மேற்கே சென்றார். மொண்டானா மாநிலத்தின் மலைகள் அவருக்கு மிகவும் பிடித்துப்போயின. ஆரிகனில் மழையில் டயர் வெடித்தது. அக்டோபர் முடியும் சமயத்தில் கலிபோர்னியாவை நெருங்கினார்.

புதிய ஊர்களைப் பார்க்கும் ஆசையோடு இருந்தவரின் மனநிலை, இதன்பிறகு வந்த கடைசி வாரங்களில் முற்றிலும் மாறிவிட்டது.

சொந்த ஊரில் அந்நியர்

அது ஜனாதிபதி தேர்தல் சமயம். கென்னடியும் நிக்சனும் மோதினார்கள். ஸ்டீன்பெக் ஜனநாயகக் கட்சிக்காரர். மாண்டரே பகுதியில் இருந்த அவருடைய சகோதரிகள் எதிர்க்கட்சி. பல வருடம் கழித்து வந்த சகோதரனும் சகோதரிகளும் பாசமாக நாலு வார்த்தை பேசத் தொடங்கினால், அது அரசியல் சண்டையில் போய் முடிந்தது.

மாண்டரேயில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகள் நிறைந்த தெருவைப் பற்றி அவர் ஒரு நாவல் எழுதியிருந்தார். இப்போது கடலில் மத்தி மீன் இல்லை. தொழிற்சாலைகள் அடங்கிவிட்டன. தெருவைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, அவர் எழுதிய தெருவைத் தேடி வந்தவர்கள் அவர்கள். அந்தத் தெருதான் இல்லை.

பழைய மதுக்கடையில் பழைய சிநேகிதர்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். திரும்பி வந்துவிடு என்று கண்ணீர் விட்டார்கள். அவர் ஒவ்வொரு நண்பர் பெயராகச் சொல்லி விசாரித்தார். பாதிப் பேர் இறந்துபோயிருந்தார்கள். ஊரை விட்டுப் போனவன் ஊருக்குச் செத்தவன் மாதிரி. அவன் மனதில் ஊர் பழையபடியே இருக்கிறது. ஊரார் மனதில் அவன் பழையபடியே இருக்கிறான். இரண்டும் உண்மை இல்லை. இந்தக் கசப்பை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

புறப்படும் முன் பிரமாண்ட் சிகரத்தின் மேல் ஏறினார். சிறுவனாக ஓடி விளையாடிய மலை அது. ஒரு பக்கம் சாலினாஸ் பள்ளத்தாக்கு. மறுபக்கம் கடல். தாய், தந்தை நடமாடிய மண் முழுவதையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு இறங்கினார். அதன்பிறகு வண்டி கிழக்கே திரும்பிற்று.

பாலைவனத்தில் இரண்டு ஓநாய்கள்

அடுத்து மோஹாவி பாலைவனம். வெயிலின் கொடுமை தாங்காமல் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். தூரத்தில் கயோட்டி எனப்படும் இரண்டு சிறு ஓநாய்கள் நின்று அவரையே பார்த்தன. கோழிகளையும் குஞ்சுகளையும் தின்னும் பிராணிகள் என்று சிறுவயதிலிருந்தே அவற்றைச் சுடுவது வழக்கம். துப்பாக்கியை எடுத்துக் குறி பார்த்தார். தப்பவே முடியாத குறி.

ஆனால் விரல் அசையவில்லை. அங்கே கோழியும் இல்லை, குஞ்சும் இல்லை. எதற்காகச் சுட வேண்டும் என்று தோன்றிற்று. துப்பாக்கியை வைத்துவிட்டு, சார்லிக்காக வைத்திருந்த நாய் உணவில் இரண்டு டப்பாக்களைத் திறந்து அங்கேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

அரிசோனா, நியூ மெக்ஸிகோ வழியாக டெக்ஸாஸ் சேர்ந்தார். முன்பு ஜோட் குடும்பம் எந்த வழியாக மேற்கே வந்ததாக எழுதினாரோ, ஏறக்குறைய அதே வழியில் இப்போது கிழக்கே போனார். அமரில்லோ நகரில் சார்லிக்கு உடல்நலம் கெட்டது. கால்நடை மருத்துவரிடம் விட வேண்டியதாயிற்று. எலைன் விமானத்தில் வந்து சேர்ந்தார். இருவரும் ஒரு பெரிய பண்ணை வீட்டில், நவம்பர் மாதக் கடைசியில் வரும் நன்றி கூறும் திருநாளைக் கொண்டாடினார்கள். பிறகு மனைவியை விட்டுப் பிரிந்து, நாயுடன் தெற்கே லூசியானா நோக்கிப் போனார். அது அவர் பயந்துகொண்டே போன பாதை.

ஆறு வயதுச் சிறுமி

வெள்ளையர், கறுப்பர் என்று பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்துக்கு விரோதம் என அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1954-ல் தீர்ப்புக் கூறியது. தென் மாநிலங்கள் அதை ஏற்கவில்லை. ஆறு ஆண்டுகள் இழுபறி. 1960-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெள்ளையர் பள்ளிகள் இரண்டில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் சேர்ந்தனர். வில்லியம் பிரான்ட்ஸ் பள்ளிக்குப் போனவள் ஒருத்தி மட்டும். பெயர் ரூபி பிரிட்ஜஸ். வயது ஆறு.

அவளைப் பள்ளிக்கு அழைத்து வர மத்திய அரசின் மார்ஷல்கள் காவல் வந்தார்கள். தினமும் காலையில் பள்ளி வாசலில் கூட்டம் கூடும். வெள்ளைக்காரத் தாய்மார்களே முன்வரிசையில் நின்று அந்தக் குழந்தையைப் பார்த்துக் கத்துவார்கள். பத்திரிகைகள் அச்சிட முடியாத வசைகள். கூட்டம் கைதட்டி உற்சாகப்படுத்தும். நாடகம் பார்ப்பது போல ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

ஸ்டீன்பெக் அதை நேரில் பார்ப்பதென்று முடிவு செய்தார். லாரியில் நியூயார்க் நம்பர் பலகை இருந்தது. வடக்கத்திக்காரன் என்று தெரிந்தால் வம்பு. ஆகவே லாரியை ஒரு நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு டாக்ஸியில் போனார்.

கார்கள் வந்து நின்றன. உயரமான மார்ஷல்கள் நடுவே, வெளுத்த கஞ்சி போட்ட உடையும் வெள்ளைச் செருப்பும் அணிந்த அந்தச் சின்னஞ்சிறு பெண் பள்ளிக்குள் நடந்து போனாள். கூச்சல் உச்சத்துக்குப் போயிற்று. தன் வெள்ளைக் குழந்தையைக் கையில் பிடித்து அதே பள்ளிக்குள் அழைத்துச் சென்ற ஒரு தகப்பனாரையும் கூட்டம் விடவில்லை.

ஸ்டீன்பெக்குக்கு வயிற்றைப் புரட்டியது. நியூ ஆர்லியன்ஸ் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். நல்ல ஓட்டலில் சாப்பிட வேண்டும் என்று ஆசையோடு வந்தவர், ஒரு சாண்ட்விச் வாங்கிக்கொண்டு ஊரை விட்டே வெளியேறினார். அந்த ஊரில் தனக்குத் தெரிந்த நல்லவர்கள், நாகரிகமானவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரையும் அந்தத் தெருவில் காணோம். அந்தக் குழந்தைக்குத் துணையாக நிற்க அவர்கள் வரவில்லை. கூச்சலிட்டவர்களைவிட இந்த மௌனம்தான் அவரை அதிகமாக வாட்டியது.

ரூபியின் தந்தைக்கு வேலை போயிற்று. மிசிசிப்பி மாநிலத்தில் குத்தகை விவசாயம் செய்த தாத்தா பாட்டியை நிலத்தை விட்டு விரட்டினார்கள். வெள்ளையர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால், அந்த வருடம் முழுவதும் ரூபி வகுப்பில் தனியாகவே படித்தாள். பாஸ்டன் நகரிலிருந்து வந்த ஆசிரியை பார்பரா ஹென்றி அந்த ஒரே மாணவிக்குப் பாடம் நடத்தினார். ஆனால் ரூபி பள்ளிக்கு வருவதை நிறுத்தவில்லை.

பயணம் எங்கே முடிந்தது?

அதன்பிறகு ஸ்டீன்பெக்குக்கு எந்த ஊரும் கண்ணில் படவில்லை. வழியில் நடந்துபோன ஒரு வயதான கறுப்பரை வற்புறுத்தி வண்டியில் ஏற்றியதாக எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரர் பக்கத்தில் உட்காரவே அந்த மனிதர் நடுங்கினார். வீடு வருமுன்பே இறங்கி நடந்தார். இன்னொரு சமயம் ஏறிய ஒரு வெள்ளையன், பள்ளி வாசலில் கத்திய பெண்களைப் புகழ்ந்தான். ஸ்டீன்பெக் வண்டியை நிறுத்தி அவனை நடுவழியில் இறக்கிவிட்டார்.

வர்ஜீனியா மாநிலத்தில் அபிங்டன் என்ற ஊர். ஒரு பிற்பகல், காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தன் பயணம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. வீடு இன்னும் நூற்றுக்கணக்கான மைல் தூரம். ஆனால் மனம் பார்ப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு மேல் ஓட்டியது வெறும் சாலை. சாப்பாடு, தூக்கம், மனிதர்கள் எதுவும் நினைவில் தங்கவில்லை. சுமார் பதினொரு வாரங்களில் ஏறக்குறைய 10,000 மைல் ஓடிய ரோசினான்ட்டே, ஹாலந்து சுரங்க வாசலில் வந்து நின்றது.

நூலும் உண்மையும்

1961 ஜனவரியில் கென்னடி பதவியேற்பு விழாவுக்கு அவரும் எலைனும் அழைக்கப்பட்டிருந்தார்கள். 1962 ஜூலையில் 'டிராவல்ஸ் வித் சார்லி' என்ற பயண நூல் வெளியாயிற்று. அமோக விற்பனை. அதே ஆண்டு அக்டோபரில் நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. தகுதியானவருக்குத்தான் கொடுத்தார்களா என்று நியூயார்க்கிலேயே கேள்வி எழுப்பினார்கள். அது அவரைப் புண்படுத்தியது.

பிற்காலத்தில் அந்தப் பயண நூல் மீதும் ஒரு குறை எழுந்தது. 2010-ல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் பயணம் செய்து, பழைய கடிதங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஸ்டீன்பெக் சொன்னதுபோல அவ்வளவு நாள் தனியாக இல்லை. பல நாட்கள் மனைவி கூட இருந்தார். பல இரவுகள் ஓட்டல்களில் தங்கினார். சில உரையாடல்கள் கற்பனை என்று எழுதினார். 2012-ல் வந்த பொன்விழாப் பதிப்பின் முன்னுரையும் நூலில் கற்பனை கலந்திருப்பதை ஒப்புக்கொண்டது.

ஆனால் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் நடந்தது கற்பனை அல்ல. அதற்குப் படமும் உண்டு, சாட்சியும் உண்டு. பெரியவளான ரூபி பிரிட்ஜஸே அந்த நாட்களைப் பற்றி நூல் எழுதினார்.

ஸ்டீன்பெக்கின் கடைசி ஆண்டுகளில் இன்னொரு சறுக்கலும் உண்டு. 1966-ல் வியட்நாமுக்குப் போய் அமெரிக்கத் தரப்பை ஆதரித்து எழுதினார். ஏழைகளின் எழுத்தாளர் என்று அவரைக் கொண்டாடிய இளைஞர்கள் பலர் முகம் சுளித்தார்கள்.

1968-ம் ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி நியூயார்க்கில் இதய நோயால் காலமானார். வயது 66. அவர் சாம்பலை எலைன் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். சாலினாஸ் கல்லறையில், தாய் தந்தையர் பக்கத்தில் அது அடக்கம் செய்யப்பட்டது.

ஒரு காலத்தில் அவரைத் தூற்றிய சாலினாஸ், பின்னர் ஊர் நூலகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1998-ல் அவர் பெயரால் ஒரு நினைவு மையமும் அங்கே திறக்கப்பட்டது. அதன் உள்ளே பச்சை நிற லாரி ஒன்று நிற்கிறது. பக்கவாட்டில் ரோசினான்ட்டே என்ற பெயர். திரும்பி வந்துவிடு என்று நண்பர்கள் அழுது கூப்பிட்டபோது ஸ்டீன்பெக்கால் ஊரில் தங்க முடியவில்லை. இப்போது அவரும் அங்கேதான் இருக்கிறார். வண்டியும் அங்கேதான் இருக்கிறது.